கவுண்டர் ஸ்ட்ரைக் 2: ரெசல்யூஷனைக் குறைத்தும் சண்டையில் ஃபிரேம் ஏறவில்லை

நண்பர்களே, வணக்கம். என் கணினி பழையது: நான்கு கோர் பிராசஸர், 4 ஜிபி கிராபிக்ஸ் கார்டு, ஒற்றை 8 ஜிபி ராம். திரை மட்டும் 144 ஹெர்ட்ஸ். இந்தத் துப்பாக்கிச் சண்டை விளையாட்டை 1920 × 1080 அளவில் ஆடும்போது நொடிக்கு 90 ஃபிரேம் (திரையில் வரும் படங்கள்) வருகிறது. புகைக்குண்டு வெடித்து நான்கைந்து பேர் மோதும்போது 60-க்கு இறங்கிவிடுகிறது. குறி தப்பக்கூடாத நேரமே அதுதான்!

ஃபிரேமைக் கூட்ட உதவும் எஃப்எஸ்ஆர் என்ற வசதியை 'குவாலிட்டி'யில் வைத்தேன். அதில் காட்சி உள்ளுக்குள் 1280 × 720 அளவில் வரையப்பட்டு, பிறகு பெரிதாக்கப்படுகிறது. ஆளில்லாத இடத்தில் 120-ஐத் தொடுகிறது; சண்டையில் அதே 60. தூரத்தில் நிற்பவரின் தலை மங்கியதுதான் மிச்சம். 1280 × 960-க்கு மாற்றித் திரை முழுக்க நீட்டியும் பார்த்தேன். உருவங்கள் அகலமாகத் தெரிகின்றன, சரிவு குறையவில்லை.

சண்டையில் ஃபிரேம் சரியும் சமயத்தில் கிராபிக்ஸ் கார்டின் பயன்பாடு 60 சதவீதத்தைத் தாண்டுவதில்லை. அப்படியானால் தடை பிராசஸரிலா, ராமிலா? இன்னொரு 8 ஜிபி ராம் போட்டு இரட்டைச் சேனலாக்கினால் (இரண்டு ராமும் சேர்ந்து ஒரே நேரத்தில் தரவு அனுப்பும்படி செய்தால்) பலன் இருக்குமா? செய்து பார்த்தவர்கள், முன்பும் பின்பும் வந்த எண்களோடு சொன்னால் பேருதவியாக இருக்கும். 'புதுக் கணினி வாங்கு' என்ற ஆலோசனை மட்டும் வேண்டாம். இப்போதைக்குக் கையில் இருப்பது ராமுக்கான பணம்தான்.