கிரெஸ்லியின் ஏ4 எஞ்சின்கள்: நேரில் கண்டவர்களின் அனுபவப் பகிர்வு

யார்க்கிலிருந்து (இழையைத் தொடங்குபவர்)

வணக்கம். லண்டன்–எடின்பரோ கிழக்குக் கரைப் பாதையில் ஓடிய ஏ4 வகுப்பு விரைவு நீராவி எஞ்சின்களைப் பார்த்தவர்களும், அவை இழுத்த வண்டிகளில் பயணம் செய்தவர்களும் தங்கள் அனுபவத்தை இங்கே எழுத வேண்டுகிறேன். சர் நைஜல் கிரெஸ்லியின் வடிவமைப்பில் 1935 முதல் 1938 வரை டான்காஸ்டர் பணிமனையில் மொத்தம் 35 எஞ்சின்கள் கட்டப்பட்டன. இன்று மிஞ்சியிருப்பவை ஆறு.

நான் அடிக்கடி பார்ப்பது இங்குள்ள தேசிய ரயில்வே அருங்காட்சியகத்தில் நிற்கும் மல்லார்டு என்ற ஏ4 எஞ்சினை. வருகிறவர்களில் பெரும்பாலோர் அதன் பக்கவாட்டில் உள்ள சாதனைத் தகட்டைப் படம் எடுத்துக்கொண்டு அடுத்த எஞ்சினுக்குப் போய்விடுகிறார்கள். 1938 ஜூலை 3 அன்று மணிக்கு 126 மைல், அதாவது ஏறத்தாழ 203 கி.மீ. வேகத்தை எட்டியதாக அத்தகடு கூறுகிறது. அது பொருத்தப்பட்டது 1948இல். கிரெஸ்லி 1941இலேயே காலமாகிவிட்டார். அவர் 125 மைலுக்கு மேல் உரிமை கோரியதில்லை. அன்றைய ஓட்டமும் ஸ்டோக் சரிவில் இறங்கியபோது நிகழ்ந்தது. ஜெர்மனியின் 05 002 எஞ்சினோ 1936 மே மாதத்தில் ஏறத்தாழச் சமதளப் பாதையில் 200.4 கி.மீ. வேகத்தைத் தொட்டிருந்தது. ஆகவே அந்தச் சில நொடிகளை வைத்து இந்த வகுப்பை எடைபோடுவது எனக்கு உடன்பாடில்லை. 1935 செப்டம்பர் இறுதியில் தொடங்கிய சில்வர் ஜூபிலி வண்டியை லண்டனிலிருந்து நியூகாசிலுக்கு நான்கே மணி நேரத்தில், வார நாள்தோறும், கட்டணம் செலுத்திய பயணிகளோடு கொண்டு சேர்த்ததைத்தான் நான் பெரிதாகக் கருதுகிறேன்.

அருங்காட்சியகத்தின் பெரிய கூடம் முன்பு எஞ்சின் கொட்டகையாக இருந்த இடம். 1942 ஏப்ரல் 29 அன்று ஜெர்மன் விமானங்கள் யார்க் நகரின்மேல் குண்டு வீசியபோது, சர் ரால்ஃப் வெட்ஜ்வுட் என்ற 4469 எண் ஏ4 எஞ்சின் அங்கேதான் அழிந்தது. அந்த இடத்தைக் குறிக்கும் தகடு ஒன்றும் கூடத்தில் உண்டு. அதன் முன் யாரும் நின்று படிப்பதை நான் அதிகம் பார்த்ததில்லை.

லீட்ஸிலிருந்து

நான் பார்த்தது, வடிவமைத்தவரின் பெயரையே தாங்கிய சர் நைஜல் கிரெஸ்லி எஞ்சினை. வடக்கு யார்க்ஷயர் மூர்ஸ் பாரம்பரிய ரயில்பாதையில், குரோமன்ட் நிலையத்தில் வண்டியோடு இணைக்கப்பட்டு, நீராவி ஏற்றி நின்றுகொண்டிருந்தது. போர்க்காலத்தில் பராமரிப்புக்கு இடைஞ்சலாக இருந்ததால் ஏ4 எஞ்சின்களின் சக்கரங்களை மூடியிருந்த பக்கத் தகடுகளைக் கழற்றிவிட்டார்கள். இந்த எஞ்சினில் அவை இல்லாததால், ஆளுயரத்தைவிடக் கூடுதலான, 6 அடி 8 அங்குல விட்டமுள்ள இயக்கு சக்கரங்களை முழுமையாகப் பார்க்க முடிந்தது. வழவழப்பான நீல உடலில் எண்ணெய் துடைத்த துணியின் தடங்கள் வெயிலில் வளைவளைவாகத் தெரிந்தன. புறப்படும்போது எழுப்பிய ஊதல் பிற பிரிட்டிஷ் எஞ்சின்களின் கீச்சொலியைப் போன்றதன்று. பல சுரங்கள் சேர்ந்து ஒலிக்கும் கனத்த ஓசை அது.

அங்கே பணிபுரிந்த தன்னார்வலர் ஒருவரிடம் கேட்டுக்கொண்டு, எஞ்சினுக்குப் பின்னால் நிலக்கரியும் நீரும் சுமந்து வரும் டெண்டருக்குள் செல்லும் நடைவழியை எட்டிப் பார்த்தேன். அகலம் 18 அங்குலம், உயரம் 5 அடி. ஒருபுறம் நிலக்கரியும் நீரும். மறுபுறம் டெண்டரின் வெளிச்சுவர். லண்டனிலிருந்து எடின்பரோவுக்கு 393 மைல் தொலைவையும் நிற்காமல் ஓட வேண்டும் என்பதால், பாதி வழியில் பெட்டியில் ஓய்ந்திருந்த டிரைவரும் ஃபயர்மேனும் இந்த இடுக்கின் வழியே குனிந்து வந்து வேலையை ஏற்றுக்கொள்ள, முந்தையவர்கள் அதே வழியாகப் பெட்டிக்குத் திரும்பினார்கள். தண்ணீரைத் தண்டவாளங்களுக்கு நடுவே அமைத்த தொட்டிகளிலிருந்து ஓட்டத்திலேயே அள்ளிக்கொள்வார்கள். சற்றுப் பருத்த உடம்பு உள்ளவர் அந்த வழியில் எப்படிப் போயிருப்பார் என்று கேட்டேன். தன்னார்வலர் சிரித்தாரே தவிர விடை சொல்லவில்லை.

1959 மே மாதத்தில் 112 மைல் வேகத்தில் ஓடிய இந்த எஞ்சின், அந்தப் பாதையில் 25 மைலைத் தாண்டக் கூடாது. ஆயினும் கோத்லண்டை நோக்கி 49 அடிக்கு ஓர் அடி உயரும் ஏற்றத்தில் அது மூச்சு வாங்குவதைக் கேட்டபோது, வேகக் குறைவு எனக்கு ஒரு குறையாகத் தோன்றவில்லை.

டெர்பியிலிருந்து (இயந்திரப் பொறியாளர்)

யார்க் அன்பர் சொன்ன 1938 ஓட்டத்தின் மறுபாதியையும் சொல்ல வேண்டும். பிரேக் சோதனை என்ற பெயரில் தொடங்கிய அந்த ஓட்டத்தை முடித்த மல்லார்டால் லண்டனுக்கு வந்து சேர முடியவில்லை. நடு சிலிண்டரின் பிஸ்டனைச் சக்கர அச்சோடு சேர்க்கும் இணைப்புத் தண்டில், அச்சைப் பற்றியிருக்கும் பெரிய முனைப் பேரிங் சூடேறிக் கெட்டுவிட்டதால் பீட்டர்பரோவில் அதைக் கழற்றிவிட்டு, பழைய அட்லான்டிக் வகை எஞ்சின் ஒன்றை மாட்டினார்கள். அந்தப் பேரிங்கில் சோம்பு எண்ணெய் நிறைத்த குப்பி ஒன்றை முன்கூட்டியே வைத்திருந்தார்கள். சூடு மிஞ்சினால் குப்பி உடைந்து, அந்த நெடி டிரைவரை எச்சரிக்கும். 1936 ஆகஸ்டில் 113 மைல் தொட்ட சில்வர் ஃபாக்ஸ் என்ற ஏ4 எஞ்சினுக்கும் அதே பேரிங்தான் உடைந்தது என்பதால், இதை வெறும் தற்செயல் என்று ஒதுக்க முடியாது.

காரணம், சிலிண்டர்களுக்குள் நீராவியை விட்டு வெளியேற்றும் கிரெஸ்லியின் வால்வு அமைப்பில் இருக்கிறது. எஞ்சினுக்கு மூன்று சிலிண்டர்கள். ஆனால் வால்வை இயக்கும் முழுத் தொகுதி வெளிப்புறத்தில் உள்ள இரண்டுக்கு மட்டுமே உண்டு. அவ்விரண்டின் அசைவையும் நெம்புகோல்களால் கூட்டி, நடு சிலிண்டரின் வால்வை அவர் இயக்கினார். எடையும் உட்புற நெருக்கடியும் குறைந்தன. ஆனால் மூட்டுகளில் உள்ள ஊசிகள் தேயத் தேய, எல்லாத் தளர்வும் ஒன்றுசேர்ந்து நடு வால்வில் போய் முடியும். வேகம் கூடும்போது அந்த வால்வு அளவுக்கு மேல் நகர்ந்து, நடு பிஸ்டன் தன் பங்கைவிட அதிகம் உழைக்கும். அந்தச் சுமை முழுவதும் அதே பேரிங்கின் தலையில் விடியும். நல்ல பராமரிப்பு இருந்தவரை சமாளித்தார்கள். போர்க்காலத்தில் ஆளும் நேரமும் இல்லாமல் போனபோது இந்தக் குறை வெட்டவெளிச்சமானது.

1950களில் மேற்கு மண்டலத்திலிருந்து டான்காஸ்டருக்கு வந்த கே. ஜே. குக், ஒளியியல் கருவிகளைக் கொண்டு சட்டத்தையும் அச்சுகளையும் துல்லியமாக நேர்படுத்தும் முறையைப் புகுத்தி, அந்தப் பேரிங்கின் அமைப்பையும் மாற்றினார். புகையும் கழிவு நீராவியும் தடையின்றி வெளியேற உதவும், மல்லார்டுக்குப் பிறவியிலேயே அமைந்திருந்த கைல்ஷாப் இரட்டைப் புகைபோக்கி 1958க்குள் இவ்வகுப்பின் மற்ற எஞ்சின்களுக்கும் வந்துவிட்டது. என் கணிப்பில் ஏ4 எஞ்சின் தன் முழுத் தகுதியோடு ஓடியது 1938இல் அல்ல. டீசல் அதன் இடத்தைப் பறிக்கக் காத்திருந்த அந்தச் சில ஆண்டுகளில்தான்.

சிகாகோவிலிருந்து

விஸ்கான்சின் மாநிலத்தின் கிரீன் பே ரயில் அருங்காட்சியகத்தில் டுவைட் டி. ஐசனோவர் என்ற ஏ4 நிற்கிறது. 1964இல் கடல் கடந்து வந்ததாம். போர்க்காலத்தில் ஐசனோவர் பயன்படுத்திய பிரிட்டிஷ் பெட்டிகளும் அங்கே இருக்கின்றன. பெரும் அமெரிக்க எஞ்சின்களுக்கு நடுவே இது சிறுத்துத் தெரிகிறது என்பதை மட்டும் சொல்லிவிடுகிறேன். மல்லார்டு வேகச் சாதனையின் 75ஆம் ஆண்டு நிறைவுக்காக இதையும், கனடாவில் உள்ள டொமினியன் ஆஃப் கனடாவையும் கப்பலேற்றி, 2013இல் ஆறு எஞ்சின்களையும் யார்க்கில் ஒன்றுசேர்த்தார்கள். அதைக் காணும் வாய்ப்பு எனக்குக் கிட்டவில்லை.

கிளாஸ்கோவிலிருந்து (ஓய்வு பெற்ற மருத்துவர்)

நான் 1965இல் யாழ்ப்பாணத்திலிருந்து படிப்புக்காக ஸ்காட்லாந்து வந்தவன். அப்போது கிளாஸ்கோ புக்கனன் தெரு நிலையத்துக்கும் அபர்டீனுக்கும் இடையே மூன்று மணி நேரத்தில் செல்லும் விரைவு வண்டிகளை, லண்டன் பாதையில் டீசலுக்கு இடம்விட்டு வந்த ஏ4 எஞ்சின்கள் இழுத்துக்கொண்டிருந்தன. மாணவனான எனக்கு எஞ்சின் வகுப்புகளெல்லாம் தெரியாது. அழுக்கேறி, பச்சை நிறம் மங்கிய, முன்புறம் ஆப்பு வடிவில் சரிந்த எஞ்சின் ஒன்று மேடையின் முனையில் நிற்கும். பெர்த்தைத் தாண்டி ஃபோர்ஃபர் நோக்கிய நேர்ப்பாதையில் அது ஓடும் வேகத்தில் தேநீர்க் கோப்பையைக் கையிலேயே பிடித்துக்கொண்டிருக்க வேண்டும்.

1966 செப்டம்பரில் அவற்றின் பணி முடிந்தது. அதே ஆண்டு நவம்பரில் புக்கனன் தெரு நிலையத்தை மூடினார்கள். மறு ஆண்டு ஃபோர்ஃபர் வழிப் பயணிகள் வண்டிகளையும் நிறுத்தி, அபர்டீன் வண்டிகளை டண்டீ வழியாகத் திருப்பிவிட்டார்கள். டெர்பி நண்பர் குறிப்பிட்ட நடுப் பேரிங் நான் பயணித்த எந்த வண்டியிலும் தொல்லை கொடுத்ததாக நினைவில்லை.