மலைப்பாதை ஓட்டக்காரர்களுக்கு வருமானம் எங்கிருந்து?

கேள்வி: அமெரிக்காவில் நடக்கும் வெஸ்டர்ன் ஸ்டேட்ஸ் 100 மைல் மலைப்பாதை ஓட்டத்தில் முதலாவதாக வந்தாலும் பரிசுப்பணம் கிடையாது. அப்புறம் எதை வைத்துப் பிழைக்கிறார்கள்?

பதில்: ஷூ கம்பெனி ஒப்பந்தம்தான். பலருக்கு அதுவும் இலவச ஷூவோடு சரி. சம்பளம் வாங்குவது கொஞ்சம் பேர், அதிலும் காயம்பட்டு ஓடாமல் இருந்தால் தொகையைக் குறைக்கும் ஷரத்து இருக்கலாம், கையெழுத்துப் போடும் முன் முதலில் படிக்க வேண்டியது அதைத்தான்.

கேள்வி: பிரபல மலை ஓட்டக்காரர் கிலியன் ஜோர்னெட், தனக்கு ஸ்பான்சராக இருந்த சாலமன் கம்பெனியை விட்டு, கேம்பர் என்ற ஷூ கம்பெனியுடன் சேர்ந்து சொந்த பிராண்டே தொடங்கிவிட்டார். எல்லாருக்கும் அது நடக்குமா?

பதில்: நடக்காது. அதனால்தான் பேட்ரியான் மாதிரி இணையதளங்களில் ரசிகர்களிடம் மாதச் சந்தா. ரசிகர் ஆளுக்குக் கொஞ்சம் தருவார், ஆனால் பயிற்சிக் குறிப்பு, வீடியோ என்று போட்டுக்கொண்டே இருக்கணும், ஏற்றத்தில் மூச்சு வாங்கும்போதும் ஒரு கையில் கேமரா. எனக்கென்னவோ, அது இன்னொரு முழுநேர வேலை.