மார்கழி விடியலில் நீண்ட ஓட்டம்: உங்களுக்கு நேர்ந்தது என்ன?

லாஸ்பேட்டை, புதுச்சேரி:

பிப்ரவரியில் ஆரோவில் மாரத்தான் வருகிறது. 2008-இல் தொடங்கிய ஓட்டம். முதலிடம், பரிசு என்று எதுவும் கிடையாது. செம்மண் பாதையில் அவரவர் வேகத்தில் ஓடி முடிக்கலாம். இந்த முறை ஹாஃப் மாரத்தானை (21 கி.மீ.) விட்டுவிட்டு 42 கி.மீ. ஓடுவதாக இருக்கிறேன். ஐப்பசி, கார்த்திகை மழையில் போய்விடுவதால் பயிற்சிக்கு நமக்கு மிஞ்சுவது மார்கழியும் தையும்தான்.

போன வருடம் எனக்கு நேர்ந்ததை முதலில் சொல்கிறேன். மார்கழி ஞாயிறு, காலை நாலரை மணி. "பனியில தலையக் காட்டாதடி, நீர் கோத்துக்கும்" என்று மாமியார் காதைச் சுற்றி மஃப்ளர் கட்டிவிட்டார். முழுக்கை காட்டன் சட்டை வேறு. அந்த நேரத்தில் பீச் ரோட்டில் வண்டிகளை விடமாட்டார்கள். ஒன்றரை கி.மீ. நீளம்தான், மேலும் கீழுமாக எட்டு முறை போய்வந்தால் 24 கி.மீ. குளிர்தானே என்று தண்ணீர் பாட்டில் எடுத்துப் போகவில்லை. தாகமும் எடுக்கவில்லை.

பதினாறாவது கிலோமீட்டரில் சட்டை ஈரச்சாக்கு மாதிரி கனத்தது. அக்குள் உரசி எரிந்தது. பத்தொன்பதில் கெண்டைக்கால் பிடித்து இழுத்து, காந்தி சிலைக்கு வடக்கே கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்துவிட்டேன். தலை சுற்றியது. குருசுக்குப்பம் பக்கமிருந்து கூடையோடு வந்த மீன்கார அம்மா ஒருவர் என்னைப் பார்த்து நின்றார். தூக்குவாளியைத் திறந்து, உப்புப் போட்ட நீராகாரத்தை மூடியில் ஊற்றிக் கொடுத்தார். "பனியிலயும் உடம்பு வேக்கும் கண்ணு. வெயில்ல ஆறிடும், பனியில உடம்பு மேலயே நிக்கும்" என்றார். மூன்று மூடி குடித்தேன். கால் மணி நேரத்தில் எழுந்து நடக்க முடிந்தது.

அவர் சொன்னது முழுக்க உண்மை. இங்கே தை மாதத்திலும் விடியற்காலை 18 டிகிரிக்குக் கீழே இறங்குவது அபூர்வம். கடற்கரைக் காற்றில் அந்த நேரத்தில் ஈரப்பதம் மிகவும் அதிகம். வேர்வை ஆவியாகாமல் வழிகிறது, அதனால் உடம்பு ஆறுவதில்லை. அன்றிலிருந்து ஓடுவதற்கு முன்னும் பின்னும் எடை பார்க்கிறேன். ஒரு கிலோ குறைந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் போயிருக்கிறது என்று கணக்கு. எனக்கு இரண்டு மணி நேரத்தில் ஒன்றரை கிலோ குறைகிறது, அதுவும் "குளிர்" காலையில்! உங்களுக்கு நேர்ந்ததையும் எழுதுங்கள்.

மஞ்சக்குப்பம், கடலூர் (இப்போது ஸ்கார்பரோ, கனடா):

அக்கா, நீங்கள் எழுதியதைப் படித்ததும் என் முதல் ஜனவரி ஞாபகம் வந்துவிட்டது. இங்கே ஹாமில்டன் நகரில் "அரவுண்ட் தி பே" என்று 30 கி.மீ. ஓட்டம் இருக்கிறது. 1894-இல் தொடங்கியது, பாஸ்டன் மாரத்தானுக்கு மூன்று வருடம் மூத்தது. மார்ச் கடைசியில் நடப்பதால் பயிற்சி முழுக்கக் கடுங்குளிரில்தான்.

கடலூரில் அண்ணா ஸ்டேடியத்தைச் சுற்றி ஓடிப் பழகிய எனக்கு மைனஸ் 14 என்றால் என்னவென்று தெரியாது. இரண்டு ஸ்வெட்டர், அதன் மேல் தடித்த ஜாக்கெட். நாலாவது கிலோமீட்டரிலேயே உள்ளே நனைந்துவிட்டது. போகும்போது காற்று முதுகில் தள்ளியது, சுகமாக இருந்தது. ஒன்பதில் திரும்பினேன். ஏரிக் காற்று நெஞ்சில் அடித்ததும் நனைந்த துணி விறைத்துக்கொண்டது. விரல் மரத்துப்போய் ஜிப்பைக்கூட இழுக்க முடியவில்லை. போன் குளிரில் அணைந்துவிட்டது. பாட்டிலில் பனிக்கட்டி. பேருந்து நிறுத்தத்தில் ஒண்டி நின்றேன். வந்த பேருந்தின் ஓட்டுநர் யாழ்ப்பாணத்துக்காரர். என் முகத்தைப் பார்த்ததுமே ஏற்றி, ஹீட்டர் பக்கத்தில் உட்கார வைத்தார். இறங்கும்போது சொன்னார்: "தம்பி, போகேக்க காத்துக்கு எதிரா ஓடும். வேர்த்துப் போய்த் திரும்பேக்க காத்து முதுகில இருக்க வேணும்."

ஐந்து வருடமாக அதைத்தான் செய்கிறேன். இன்னொன்று, வாசலில் நிற்கும்போது லேசாகக் குளிர வேண்டும். வெளியே இருப்பதைவிடப் பத்து டிகிரி கூடுதல் என்று நினைத்து உடுத்துவேன். உடம்போடு ஒட்டி வேர்வையை வெளியே தள்ளும் துணி ஒன்று, காற்றைத் தடுப்பது ஒன்று. காட்டன் மட்டும் கூடவே கூடாது, அங்கேயும் சரி இங்கேயும் சரி.

தேவனாம்பட்டினம், கடலூர்:

அண்ணா, எனக்குச் சின்ன வயதிலிருந்து வீசிங். குளிர்ந்த வறண்ட காற்று மூச்சுக்குழாயைச் சுருக்கும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். நம் சில்வர் பீச்சில் காற்று ஈரமாக இருப்பதாலோ என்னவோ, மார்கழியில் எனக்கு ஒன்றும் ஆவதில்லை. போகியன்றுதான் பட்டேன். டயர் கொளுத்திய புகை பனியோடு கீழேயே படிந்து கிடந்தது. கெடிலம் பாலம் தாண்டவில்லை, நெஞ்சு இறுகிவிட்டது. இன்ஹேலர் பையில் இருந்ததால் தப்பித்தேன். இப்போது போகிக்கு முதல்நாளே லாங் ரன்னை முடித்துவிடுகிறேன். அங்கே மூச்சுக்கு என்ன செய்கிறீர்கள்?

ஸ்கார்பரோ:

வாயையும் மூக்கையும் மூடி மெல்லிய கழுத்துத் துணி கட்டுவேன் தங்கச்சி. விடும் மூச்சின் சூடும் ஈரமும் அதில் தங்கி, உள்ளே போகும் காற்றைப் பதமாக்கும். முதல் பத்து நிமிடம் பேசிக்கொண்டே ஓடும் வேகம்தான். வீசிங் இருந்தால் டாக்டரைக் கேட்டுவிட்டுத்தான் வேகம் கூட்ட வேண்டும்.

லாஸ்பேட்டை:

வரும் ஞாயிறு 30 கி.மீ. ஓடுகிறேன். நாலே முக்காலுக்குக் காந்தி சிலை. தேவனாம்பட்டினம் தங்கச்சி முதல் பஸ்ஸைப் பிடித்து வந்தால் கடைசிப் பத்து கிலோமீட்டருக்காவது சேர்ந்துகொள்ளலாம். நீராகாரம் நான் கொண்டுவருகிறேன். மாமியாரே உப்புப் போட்டுக் கரைத்துத் தருகிறார். அந்த மீன்கார அம்மாவுக்கும் ஒரு பாட்டில் இருக்கும்.