புதுப்பிப்பு: பொது ஷெல் நூலகத்தில் பயன்படாத ஃபங்ஷன்களை நீக்கியது

பல ஸ்கிரிப்டுகள் சோர்ஸ் செய்யும் (அதாவது தங்களுக்குள் ஏற்றிக்கொள்ளும்) ஒரு பாஷ் ஷெல் கோப்பிலிருந்து, யாரும் அழைக்காத ஃபங்ஷன்களை (பெயரிட்ட கட்டளைத் தொகுப்புகளை) எப்படி நீக்குவது என்று முன்பு கேட்டிருந்தேன். நிறைய பேர் சொன்னபடி, டிக்ளேர் கட்டளையில் ஃபங்ஷன் பெயர்ப் பட்டியல் எடுத்து, ஒவ்வொன்றையும் எல்லா ரெப்போக்களிலும் (கோடு களஞ்சியங்களிலும்) உரை தேடும் கட்டளையான கிட் கிரெப்பில் தேடினேன். எங்கும் சிக்காததை நீக்கினேன்.

ஒன்று மட்டும் அடி கொடுத்தது. பேக்கப் ஸ்கிரிப்ட் ஒன்று, முன்னொட்டையும் ஒரு மாறியையும் ஓடும்போதே ஒட்டி ஃபங்ஷன் பெயரை உருவாக்குகிறது. முழுப்பெயர் எங்குமே எழுதப்படாததால் கிரெப்புக்குத் தெரியவில்லை. அதைவிட மோசம், அந்த அழைப்பு இஃப் நிபந்தனைக்குள் இருந்தது. ஃபங்ஷன் இல்லாததால் வந்த 127-ஐ ('கட்டளை கிடைக்கவில்லை' என்ற பிழை எண்) பாஷ் 'பொய்' என்று எடுத்துக்கொண்டு எல்ஸ் பக்கம் போய்விட்டது. பிழை வந்தால் உடனே நிறுத்தச் சொல்லும் செட் -இ போட்டிருந்தும் ஸ்கிரிப்ட் நிற்கவில்லை, ஏனென்றால் நிபந்தனைக்குள் வரும் தோல்வியை செட் -இ கணக்கில் எடுக்காது. பிழைச் செய்திகள் வரும் ஸ்டாண்டர்ட் எரரையும் யாரோ, வருவதையெல்லாம் விழுங்கிவிடும் டெவ் நல்லுக்கு அனுப்பியிருந்தார்கள். அதனால் பழைய பேக்கப்புகள் நீங்காமல் டிஸ்க் நிரம்பியது.

சரி, அந்த ஃபங்ஷனைத் திரும்பச் சேர்த்துவிட்டேன். இப்போது சந்தேகமுள்ள ஒவ்வொரு ஃபங்ஷனிலும், அழைத்த கோப்பின் பெயரை லாகில் எழுத ஒரு வரி சேர்த்திருக்கிறேன். மாதம் ஒருமுறை தானாக ஓடும் கிரான் வேலைகளும் இருப்பதால், முழுதாக ஒரு மாதம் கழித்துத்தான் அடுத்த நீக்கம்.