துணி நட்சத்திரத்தின் முனை மொட்டையாகவே வருகிறது, என்ன செய்வது?

வெட்டுத்துணி மூட்டை (நாகர்கோவில்) கேட்டது:

என் அம்மா முப்பது வருடம் வீட்டுத் திண்ணையில் ஜாக்கெட் தைத்தவர். மிஞ்சிய துண்டுகளை ஒருநாளும் எறிந்ததில்லை. இரண்டு தலையணை உறை நிறையக் கட்டி வைத்திருக்கிறார். இப்போது பார்வை மிகவும் குறைந்துவிட்டது, மெஷினில் உட்காருவதில்லை. ஆனால் ஒரு துண்டைக் கையில் கொடுத்தால் தடவிப் பார்த்து, "இது ரூபியா, இது தெருமுனை டீச்சர் வீட்டுக் கல்யாணப் பட்டு" என்று சொல்லிவிடுவார்.

இந்தக் கிறிஸ்துமஸுக்கு எங்கள் சவுக்குக் கிளையில் கடைச் சரக்கு எதுவும் தொங்கக் கூடாது, எல்லாம் அந்த மூட்டையிலிருந்துதான் என்று வீம்பாகச் சொல்லிவிட்டேன். நான்கு அங்குல நட்சத்திரமாக இரண்டிரண்டு வெட்டி, நல்ல பக்கங்களை உள்ளே வைத்துத் தைத்து, சின்ன வாய் விட்டுப் புரட்டி, பஞ்சு அடைக்கிறேன். ஐந்து முனையும் உருண்டு போகின்றன. "பூசணிப் பூவா அம்மா?" என்று மகன் கேட்கிறான். கத்திரி முனையால் உள்ளிருந்து குத்தித் தள்ளியதில் இரண்டு கிழிந்தே போயின. பட்டுத் துண்டுகள் வெட்டும்போதே பிரிகின்றன. எங்கே தவறு செய்கிறேன்?

மழைக்காலக் குடை:

ஃபெல்ட் துணி வாங்குங்கள். விளிம்பு பிரியாது, புரட்டவும் வேண்டாம். இரண்டைச் சேர்த்து வெளியிலிருந்தே கைத்தையல் போட்டால் முடிந்தது.

வெட்டுத்துணி மூட்டை:

நல்ல யோசனைதான், ஆனால் மூட்டையில் ஃபெல்ட் இல்லையே. வீம்பு வீம்புதான்.

காஜா ஊசி (பாளையங்கோட்டை):

தங்கச்சி, நான் நாற்பது வருடம் சட்டைக் காலர் தைத்தவன். காலர் முனையும் நட்சத்திர முனையும் ஒரே வியாதிதான்.

முதல் தவறு, வெட்டிவிட்டுத் தைப்பது. நட்சத்திரத்தில் பாதி ஓரங்கள் குறுக்கு வாட்டில் வெட்டுப்படும். கை பட்டாலே இழுபடும். துணியை இரண்டாக மடித்து, மேலே சாக்கால் நட்சத்திரம் வரைந்து, அந்தக் கோட்டின் மேலேயே தைத்துவிடுங்கள். பிறகு வெட்டுங்கள். பாதித் தொல்லை அங்கேயே தீர்ந்துவிடும்.

இரண்டாவது, உங்கள் நட்சத்திரம் ஒல்லி. வழக்கமாக வரையும் ஐந்துமுனை நட்சத்திரத்தின் முனை 36 டிகிரிதான். அந்த இடுக்குக்குள் இரு பக்கத்து விளிம்புத் துணியும் மடங்கி உட்கார வேண்டும். எங்கே உட்காரும்? நடுவிலிருந்து முனைக்கு இரண்டு அங்குலம், உள் மூலைக்கு ஒரு அங்குலம் என்று வரையுங்கள். முனை 50 டிகிரிக்கு மேல் விரியும். பார்வைக்குச் சற்றுக் குண்டாக இருக்கும், தொங்கும்போது தெரியாது.

அங்குலத்துக்குப் பதினைந்து தையல் விழும்படி பொடியாக வையுங்கள். முனைக்கு வந்ததும் அப்படியே திருப்பாமல், முனையின் குறுக்கே ஒரே ஒரு தையல் போட்டு அடுத்த பக்கம் இறங்குங்கள். மொட்டையாகிவிடும் என்று தோன்றும்; புரட்டினால்தான் கூர்மை தெரியும். இதை எனக்குச் சொல்லிக்கொடுத்த மாஸ்டர், சொல்வதற்கு முன் ஒரு வருடம் பட்டன் மட்டுமே தைக்க வைத்தார்.

தைத்தபின் முனையில் விளிம்பைத் தையலுக்கு வெகு அருகில் சரித்து வெட்டுங்கள். உள் மூலைகளில் தையலைத் தொடாமல், ஒரு நூல் தூரம் வரை கத்திரியால் கீறிவிடுங்கள். கீறாவிட்டால் அங்கே சுருக்கம் விழும். பஞ்சு அடைக்கும் வாயை மூலையில் விடாதீர்கள், நேர்ப்பக்கத்தின் நடுவில் விடுங்கள். தள்ளுவதற்குக் கத்திரியா! மழுங்கிய பின்னல் ஊசி போதும்.

பட்டுக்கு: வரைவதற்கு முன்பே பின்பக்கம், காலருக்கு வைக்கும் ஒட்டுக் கான்வாஸில் மெல்லியதை இஸ்திரி போட்டு ஒட்டிவிடுங்கள். பிரியாது.

மழைக்காலக் குடை:

கெட்டியான கஞ்சியில் முக்கிக் காயவைத்தால் இன்னும் விறைப்பாக நிற்குமே?

காஜா ஊசி:

நிற்கும். பெட்டியில் கட்டி வைத்தால் அடுத்த டிசம்பருக்குள் ராமபாணப் பூச்சி தின்றும்விடும். கஞ்சி என்றால் அதற்கு விருந்து.

தேரடி (கும்பகோணம்):

நட்சத்திரம் மட்டும்தான் வேண்டுமா? எங்கள் ஊரில் தேரிலும் மண்டபத்திலும் தொம்பை தொங்கும். வண்ணத் துணிகளை வெட்டி ஒட்டித் தைத்த நீளமான உருளை. அதைக் குட்டியாக்கி நான் கொலுவுக்குச் செய்தேன். பழைய வளையல்தான் வளையம். வளையலின் வெளிச்சுற்றை நூலால் அளந்து, அரை அங்குலம் கூட்டி வெட்ட வேண்டும். என் 2-6 வளையலுக்கு எட்டரை அங்குலம் வந்தது. நீளம் ஐந்து அங்குலம். குழாயாகத் தைத்து, மேல் விளிம்பை வளையலின் மேல் மடித்துத் தைத்து, கீழே நூல் குஞ்சம். பஞ்சே வேண்டாம். உள்ளே காற்றுதான் என்பதால் சவுக்குக் கிளையும் வளையாது.

வெட்டுத்துணி மூட்டை:

அண்ணாச்சி, நேற்று இரவு அந்தக் குறுக்குத் தையலை ஒரு சிவப்பு ரூபியாத் துண்டில் போட்டுப் பார்த்தேன். புரட்டியதும் முனை விரலைக் குத்தியது! மகனை எழுப்பிக் காட்டினேன், அவன் மறுபடி தூங்கிவிட்டான்.

பஞ்சைப் பற்றி ஒன்று: இலவம்பஞ்சு நூலிடுக்கு வழியே வெளியே வந்து வீடெல்லாம் பறக்கிறது. பழைய தலையணையின் பாலியஸ்டர் பஞ்சுக்கு மாறிவிட்டேன். முதலில் ஐந்து முனைக்கும் கிள்ளிக் கிள்ளி வைத்துவிட்டு நடுவை நிரப்பினால் ஒழுங்காக வருகிறது.

அம்மாவிடம் கொடுத்தேன். ஐந்து முனையையும் ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டு வந்தார். நான்காவதில் விரல் நின்றது. "இங்கே விளிம்பை வெட்ட மறந்துவிட்டாய்." பிரித்துப் பார்த்தேன், மறந்துதான் இருந்தேன்.

தேரடி அக்கா, அம்மாவின் கண்ணாடி வளையல்கள் ஒரு டப்பா நிறைய இருக்கின்றன. தைக்கும்போது உடையாதா, அல்லது பிளாஸ்டிக் வளையல்தான் வேண்டுமா?

தேரடி:

கண்ணாடி வேண்டாம், ஊசி வழுக்கி ஒன்றை உடைத்து விரலை அறுத்துக்கொண்டிருக்கிறேன். உலோக வளையல் எடுங்கள். முதலில் துணி நாடாவை இறுக்கிச் சுற்றிவிட்டால் தைக்கப் பிடிமானம் கிடைக்கும்.