நடுநிலைப் பள்ளிக்குச் செல்லும் மகளை எப்படித் தயார்படுத்துவது?

கேள்வி – ஒரு தந்தை

அனைவருக்கும் வணக்கம். என் மகளுக்கு 11 வயது. தொடக்கப் பள்ளியை முடித்துவிட்டு, விடுமுறைக்குப் பிறகு நடுநிலைப் பள்ளியில் சேரவிருக்கிறாள். இதுவரை ஒரே ஆசிரியைதான் ஏறத்தாழ எல்லாப் பாடங்களையும் நடத்தினார். அவள் எப்போது சோர்ந்துபோவாள், எந்தக் கேள்விக்குத் தயங்குவாள் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. புதிய பள்ளியிலோ பாடத்துக்கு ஓர் ஆசிரியர், பாடவேளைக்கு ஒரு வகுப்பறை, முன்பைவிடப் பல மடங்கு மாணவர்கள். அவளுடைய நெருங்கிய தோழியும் வேறு பள்ளிக்குப் போகிறாள்.

மகள் நன்றாகப் படிப்பவள்தான். ஆனால் அதிகம் பேசமாட்டாள்; புரியாததைக் கேட்கக் கூச்சப்படுவாள். காலையில் பையை அடுக்குவது என் மனைவி, வீட்டுப்பாடம் முடிந்ததா என்று பார்ப்பது நான். அண்மைக்காலமாகப் படுக்கப்போகும் நேரத்தில் அவளுடைய அச்சங்கள் ஒவ்வொன்றாக வெளியே வருகின்றன. "வகுப்பறையைக் கண்டுபிடிக்க முடியாவிட்டால் என்ன செய்வது?", "சாப்பாட்டு இடைவேளையில் யாருடன் உட்காருவது?" என்று கேட்கிறாள். கவலைப்படாதே, எல்லாம் சரியாகிவிடும் என்கிறேன். அந்தப் பதில் அவளுக்குப் போதவில்லை என்பது முகத்திலேயே தெரிகிறது.

அடுத்த ஆண்டின் கணக்குப் பாடத்தை விடுமுறையிலேயே தொடங்கிவிட வேண்டும் என்பது மனைவியின் எண்ணம். எனக்கோ, பாடத்தைவிட வேறு ஏதோ ஒன்றில் அவளுக்குத் துணை தேவைப்படுகிறது என்று தோன்றுகிறது. அது என்னவென்று தெளிவாகச் சொல்லத் தெரியவில்லை. இந்த விடுமுறையில் எதற்கு முதலிடம் கொடுக்க வேண்டும், பெற்றோராகிய நாங்கள் எதை மாற்றிக்கொள்ள வேண்டும் என்று அனுபவமுள்ளவர்கள் சொன்னால் பெரிதும் உதவியாக இருக்கும்.

பதில் – நடுநிலை வகுப்பு ஆசிரியை

வணக்கம் ஐயா. உங்களுக்குத் தோன்றியது சரிதான். நடுநிலை வகுப்புகளில் அறிவியல் கற்பிப்பவள் என்ற முறையில் நான் கண்டதைச் சொல்கிறேன். புதிதாகச் சேரும் பிள்ளைகள் முதல் பருவத்தில் திணறுவதற்குப் பெரும்பாலும் பாடத்தின் கடினம் காரணமல்ல. இதுவரை பெரியவர்கள் அவர்களுக்காகச் செய்துவந்த திட்டமிடும் வேலை முழுவதும் ஒரே நாளில் அவர்கள் தலையில் இறங்கிவிடுவதே காரணம். தொடக்கப் பள்ளியில் ஒரே ஆசிரியர் இருப்பதால், இன்றைக்குக் கட்டுரை எழுதச் சொல்லியிருக்கிறோம், கணக்கைக் குறைத்துக்கொள்வோம் என்று அவரே சமன்செய்துவிடுவார். ஆறேழு ஆசிரியர்கள் இருக்கும் இடத்தில் ஒருவர் கொடுத்த வேலை மற்றவருக்குத் தெரிவதில்லை. வெள்ளிக்கிழமை இரண்டு தேர்வுகளும் ஒரு செயல்திட்டமும் சேர்ந்து வருகின்றன என்பதைக் கவனித்து, செவ்வாய்க்கிழமையே ஒன்றைத் தொடங்க வேண்டியவர் மாணவரே.

ஆகவே இந்த விடுமுறையில் நீங்கள் செய்யத்தக்க முதல் வேலை, உங்கள் கையிலும் உங்கள் மனைவியின் கையிலும் இருக்கும் பொறுப்புகளைப் படிப்படியாக மகளின் கைக்கு மாற்றுவதுதான். பள்ளிப் பை இப்போது இல்லையே என்று நினைக்க வேண்டாம். நீச்சல் வகுப்புக்கோ நூலகத்துக்கோ வெளியூருக்கோ கிளம்பும்போது என்னென்ன வேண்டும் என்று அவளே பட்டியலிட்டு, முந்தைய இரவே எடுத்துவைக்கட்டும். சில நாட்கள் அவள் எடுத்துவைப்பதை உடனிருந்து பாருங்கள், பிறகு முடிந்ததா என்று கேட்பதோடு நிறுத்துங்கள், அதன் பிறகு கேட்பதையும் விட்டுவிடுங்கள். பள்ளி தொடங்கிய பின் ஒருநாள் நோட்டுப் புத்தகத்தை மறந்துவிட்டுப் போவாள். அதை எடுத்துக்கொண்டு பள்ளி வாசலுக்கு ஓடாதீர்கள். அந்த ஒருநாள் சங்கடம் பத்து அறிவுரைகளைவிட நன்றாகக் கற்றுக்கொடுக்கும்.

நாட்குறிப்பேட்டைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். பல பிள்ளைகள் "கணக்கு வீட்டுப்பாடம்" என்று மட்டும் குறித்துக்கொண்டு வீட்டுக்கு வருவார்கள். மாலையில் உட்கார்ந்தால் எந்தப் பயிற்சி, எத்தனை கணக்குகள், எப்போது கொடுக்க வேண்டும் என்று எதுவும் நினைவிருக்காது. "கணக்கு, பயிற்சி 3.2, 1 முதல் 6 வரை, வியாழன் ஒப்படைக்க" என்று எழுதும் பழக்கம் வந்துவிட்டால் பாதிச் சிக்கல் தீர்ந்தது. எந்தப் பாடம், எந்தப் பகுதி, எந்த நாள் என்ற மூன்றும் ஒரே வரியில் இருக்க வேண்டும். பெரிய வேலையாக இருந்தால் ஒப்படைக்கும் நாளை மட்டும் எழுதாமல், நூலகத்தில் தேடும் நாள், முதல் வரைவு எழுதும் நாள் என்று இடையிலுள்ள படிகளையும் எழுதச் சொல்லுங்கள். திட்டமிடுதலுக்கும் தன்னைக் கட்டுப்படுத்திக்கொள்வதற்கும் அடிப்படையான மூளையின் முன்பகுதி முழு வளர்ச்சி பெற இருபது வயதைத் தாண்டியும் சில ஆண்டுகள் ஆகும். எனவே 11 வயதுப் பிள்ளை மறந்துபோவதைச் சோம்பேறித்தனம் என்று எண்ணிவிடாதீர்கள். எழுதிவைக்கும் பழக்கம் தேவைப்படுவதே அதனால்தான்.

கேட்கக் கூச்சப்படுவதாகச் சொன்னீர்கள். அதற்கு வீட்டில் பேசிப் பழகுவதைவிடச் சிறந்த வழி எனக்குத் தெரியவில்லை. "எனக்கு ஒன்றும் புரியவில்லை" என்று ஆசிரியரிடம் போய்ச் சொல்வது எந்தப் பிள்ளைக்கும் கடினம்; கேட்கும் ஆசிரியருக்கும் எங்கிருந்து தொடங்குவது என்று தெரியாது. "இரண்டாவது படி வரைக்கும் புரிந்தது, அதற்குப் பிறகு ஏன் தலைகீழாக்கிப் பெருக்குகிறோம் என்பது புரியவில்லை" என்று சொல்லப் பழகினால், கூச்சமும் குறையும், பதிலும் உடனே கிடைக்கும். எங்கே வழி தவறியது என்று தேடிப் பார்ப்பதே பாதிப் படிப்பாகிவிடும் என்பதும் இதில் ஒரு நன்மை.

பதில் – கணக்குப் பயிற்றுநர்

உங்கள் மனைவியின் எண்ணத்தை முழுவதுமாக ஒதுக்கிவிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். கணக்கில் விடுமுறையைச் செலவிடுவது நல்லதுதான். ஆனால் அடுத்த ஆண்டுப் பாடத்துக்குத் தாவுவதைவிட, கடந்த ஆண்டுகளில் விட்டுப்போன ஓட்டைகளை அடைப்பதற்கே அந்த நேரம் பயன்பட வேண்டும். பாடத்தை முன்கூட்டியே மேலோட்டமாகப் படித்த பிள்ளைகள், வகுப்பில் அது நடத்தப்படும்போது தெரிந்ததுதானே என்று கவனிக்காமல் விட்டுவிடுவதை அடிக்கடி பார்க்கிறேன்.

இரண்டு கேள்விகளைக் கேட்டுப் பாருங்கள். 3/8 பெரிதா, 2/5 பெரிதா? விடையைவிட, ஏன் என்று அவள் தரும் விளக்கம் முக்கியம். அடுத்தது, 8 + 4 = □ + 5 என்று எழுதிக் கட்டத்தில் என்ன வரும் என்று கேளுங்கள். நன்றாகப் படிக்கும் பிள்ளைகள்கூட 12 என்று எழுதிவிடுவார்கள், ஏனென்றால் சமக்குறியை "விடை இதோ" என்று காட்டும் குறியாகவே பழகியிருக்கிறார்கள். இருபுறமும் ஒரே மதிப்பு என்ற பொருளில் அதைப் புரிந்துகொண்டவருக்கு 7 என்று உடனே தெரியும். இயற்கணிதம் தொடங்கும்போது தடுமாறும் மாணவர்களில் பலர் உண்மையில் தடுமாறுவது பின்னத்திலும் இந்தச் சமக்குறியிலும்தான். இவ்விரண்டும் உறுதியாக இருந்தால், நாளொன்றுக்கு இருபது நிமிடப் பயிற்சிக்கு மேல் விடுமுறையில் எதுவும் தேவையில்லை.

பதில் – பள்ளி மனநல ஆலோசகர்

மகளின் இரவு நேரக் கேள்விகளைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். "எல்லாம் சரியாகிவிடும்" என்ற பதில் அன்போடு சொல்லப்பட்டாலும், பிள்ளையின் காதில் "இதைப் பற்றிப் பேச வேண்டாம்" என்றே விழக்கூடும். வகுப்பறையைக் கண்டுபிடிக்க முடியாவிட்டால் என்ன செய்வது என்பது உண்மையான கேள்வி. அதற்கு உண்மையான பதிலும் உண்டு. பள்ளி அனுமதித்தால் திறப்பதற்கு முன் ஒருநாள் அழைத்துச் சென்று, வாசலிலிருந்து வகுப்பறை, வகுப்பறையிலிருந்து ஆய்வகம், கழிப்பறை, நூலகம், அலுவலகம் என்று அவளையே வழிகாட்டச் சொல்லி நடந்து பாருங்கள். வழி தவறினால் யாரிடம் கேட்பது என்பதையும் அங்கேயே முடிவு செய்துவிடுங்கள்.

இந்த வயதுக்கு இந்த மாற்றம் ஏன் கடினமாகிறது என்பதைக் கல்வி உளவியலாளர் ஜாக்குலின் எக்கிள்ஸும் அவருடைய குழுவினரும் 1993 இல் வெளியிட்ட கட்டுரையில் தெளிவாக விளக்கினார்கள். தன் விருப்பப்படி முடிவெடுக்கும் சுதந்திரத்தையும், பெற்றோரல்லாத பெரியவர்களின் நெருக்கத்தையும் பிள்ளைகள் அதிகமாக நாடும் பருவம் இது. அதே நேரத்தில் பள்ளியோ கட்டுப்பாட்டைக் கூட்டி, ஆசிரியரோடு உள்ள நெருக்கத்தைக் குறைத்து, மாணவர்களை ஒருவரோடொருவர் ஒப்பிடவும் தொடங்கிவிடுகிறது. ஊக்கம் குறைவதற்குப் பிள்ளையின் குணம் மட்டும் காரணமல்ல, பிள்ளைக்கும் சூழலுக்கும் உள்ள இந்தப் பொருத்தமின்மையும் காரணம் என்று பெற்றோர் அறிந்திருந்தால், முதல் தேர்வில் மதிப்பெண் குறையும்போது வீட்டில் எழும் குரல் தாழும்.

இதற்கு நம்பிக்கையூட்டும் ஆய்வு ஒன்றும் உண்டு. ஜெஃப்ரி போர்மன் தலைமையிலான குழு, அமெரிக்காவில் 11 நடுநிலைப் பள்ளிகளைச் சேர்ந்த 1,304 ஆறாம் வகுப்பு மாணவர்களிடம் நடத்திய ஆய்வை 2019 இல் வெளியிட்டது. புதிய பள்ளியில் தொடக்கத்தில் தடுமாறுவதும் தனிமையை உணர்வதும் எல்லோருக்கும் நேர்வதே, அது நாளடைவில் மாறிவிடும் என்ற செய்தியை, அந்தக் கட்டத்தைக் கடந்துவந்த மூத்த மாணவர்களின் சொற்களில் படித்து, அதைப் பற்றித் தாங்களே எழுதும் குறுகிய பயிற்சியில் மாணவர்களில் ஒரு பகுதியினர் ஈடுபட்டார்கள். மற்றவர்களோடு ஒப்பிடுகையில் அவர்களிடையே பாடங்களில் தோல்வியும், பள்ளிக்கு வராமையும், ஒழுங்குப் பிரச்சினைகளும் குறைந்தன. உங்களால் செய்யக்கூடியதும் இதுவே. அவளைவிட ஓரிரு வயது மூத்த பிள்ளை ஒருவரை அழைத்து, முதல் மாதம் எப்படி இருந்தது, எப்போது எளிதானது என்று உள்ளதை உள்ளபடி சொல்லச் சொல்லுங்கள். நாம் சொல்வதைவிட அது ஆழமாகப் பதியும்.

உடலைப் பற்றியும் பள்ளி தொடங்கும் முன்பே பேசிவிடுங்கள். பெண் பிள்ளைகளுக்குப் பருவ மாற்றங்கள் பொதுவாக 8 முதல் 13 வயதுக்குள்ளும், ஆண் பிள்ளைகளுக்கு 9 முதல் 14 வயதுக்குள்ளும் தொடங்குகின்றன. ஒரே வகுப்பில் வளர்ச்சி வேறுபடுவது இயல்பு. பையில் ஒரு சிறு உறையில் நாப்கினும் மாற்று உள்ளாடையும் இருக்கட்டும். தேவைப்பட்டால் பள்ளியில் யாரிடம் செல்வது என்று அவளுக்குத் தெரிந்திருக்கட்டும். உறக்கத்தைப் பொறுத்தவரை, 6 முதல் 12 வயது வரை 9 முதல் 12 மணி நேரமும், 13 முதல் 18 வயது வரை 8 முதல் 10 மணி நேரமும் தேவை என்று அமெரிக்க உறக்க மருத்துவ அகாதமி 2016 இல் பரிந்துரைத்தது. விடுமுறையில் தள்ளிப்போன உறக்க நேரத்தைப் பள்ளி திறப்பதற்கு முந்தைய இரு வாரங்களில் சிறிது சிறிதாக முன்னுக்குக் கொண்டுவாருங்கள்.

பல வாரங்கள் கடந்த பிறகும் காலையில் தொடர்ந்து வயிற்றுவலி, பள்ளிக்குப் போக மறுத்தல், உணவிலும் உறக்கத்திலும் பெரிய மாற்றம், பிடித்தவற்றில்கூட நாட்டமின்மை ஆகியவை தென்பட்டால் காத்திருக்க வேண்டாம். பள்ளி ஆலோசகரையோ மருத்துவரையோ அணுகுங்கள்.

பதில் – இரு பிள்ளைகளின் தாய்

சகோதரரே, தோழமை பற்றி ஒரு சொல். முதல் நாளே நெருங்கிய தோழி கிடைத்துவிட வேண்டும் என்ற எதிர்பார்ப்பை வீட்டில் வளர்க்காதீர்கள். சாப்பாட்டு இடைவேளையில் பக்கத்தில் உட்கார ஒருவர் இருந்தாலே முதல் மாதத்துக்குப் போதும். கூச்ச சுபாவமுள்ள பிள்ளைகளுக்கு வெறுமனே பேசுவதைவிடச் சேர்ந்து ஒரு வேலை செய்வது எளிது. ஆகவே பாட்டு, சதுரங்கம், ஓவியம், அறிவியல் மன்றம் என்று அவளுக்குப் பிடித்த ஒரே ஒரு குழுவில் சேரட்டும். பழைய தோழியுடன் வாரம் ஒருமுறையேனும் சந்திக்கவோ பேசவோ வழிசெய்யுங்கள். புதிய இடத்தில் ஆள் கிடைக்கும் வரை அந்த நட்பு அவளைத் தாங்கும்.

கைப்பேசி கேட்பாள், ஏனென்றால் வகுப்பில் பலரிடம் இருக்கும். இன்ஸ்டாகிராமின் குறைந்தபட்ச வயதே 13 என்பதைச் சொல்லி அதைத் தள்ளிவைக்கலாம். அழைப்புக்காக மட்டும் ஒரு கைப்பேசி தருவதாக இருந்தாலும், இரவில் அது படுக்கையறைக்கு வெளியே இருக்கும் என்ற விதியை முதல் நாளே வகுத்துவிடுங்கள். பின்னால் வகுப்பது மிகக் கடினம்.

மாலையில் "பள்ளி எப்படி இருந்தது?" என்று கேட்டால் "நன்றாக இருந்தது" என்பதோடு பேச்சு முடிந்துவிடும். "இன்று எந்த வகுப்பில் நேரம் போவதே தெரியவில்லை?", "யார் பக்கத்தில் உட்கார்ந்தாய்?" என்று கேட்டுப் பாருங்கள். வீட்டுக்குள் நுழைந்த உடனே கேட்காமல், சாப்பிட்டு ஓய்வெடுத்த பிறகு கேளுங்கள்.

கேள்வி கேட்ட தந்தை

அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. மனைவியும் நானும் சேர்ந்து படித்தோம். கணக்குக்கு இருபது நிமிடம், பை அடுக்கும் பொறுப்பு மகளுக்கு என்று முடிவு செய்திருக்கிறோம். ஆசிரியை அவர்களிடம் இன்னும் ஒன்று கேட்க வேண்டும். மகள் கூச்ச சுபாவம் உடையவள் என்பதைப் புதிய ஆசிரியர்களிடம் முன்கூட்டியே சொல்லிவிடலாமா, அல்லது அது அவள்மீது ஒரு முத்திரை குத்தியதாகிவிடுமா?

பதில் – நடுநிலை வகுப்பு ஆசிரியை

சொல்லலாம் ஐயா, ஆனால் எல்லா ஆசிரியர்களிடமும் வேண்டாம். வகுப்பாசிரியர் ஒருவருக்கு மட்டும் சில வரிகள் எழுதினால் போதும். முதல் வாரத்தில் நாங்கள் பெயர்களைப் பழகிக்கொள்வதிலேயே மூழ்கியிருப்போம் என்பதால், இரண்டு மூன்று வாரங்கள் கழித்து எழுதுவது நல்லது. "கூச்சப்படுவாள்" என்று மட்டும் எழுதினால் எங்களுக்கு அதிகம் பயன்படாது. "வகுப்பில் கை தூக்கமாட்டாள், ஆனால் தனியாகக் கேட்டால் நன்றாக விளக்குவாள், புரியாதபோது தலையைக் குனிந்து எழுதிக்கொண்டே இருப்பாள்" என்பது போல, நாங்கள் கண்ணால் பார்த்துக் கண்டுகொள்ளக்கூடியதை எழுதுங்கள். அவளுக்கு எது பிடிக்கும் என்பதையும் ஒரு வரி சேர்த்துக்கொள்ளுங்கள். அனுப்புவதற்கு முன் அந்தக் கடிதத்தை மகளிடம் காட்டி, எதை மாற்ற வேண்டும், எதைச் சொல்ல வேண்டாம் என்று அவளையே கேளுங்கள்.