பால்சா மர ஆர்சி (ரிமோட்) ட்ரெய்னர் பிளேன் கட்டி முடிச்சாச்சு, சிஜி (எடை சமமா நிக்கற புள்ளி) பின்னாடி வருது, பறக்க விடலாமா?

உடுமலை_ஆர்சி:

எல்லாருக்கும் வணக்கம்ங்க. புதுசா பழகறவங்களுக்கான, 60 இன்ச் ரெக்கை நீளம் வர்ற ஹைவிங் (ரெக்கை உடம்புக்கு மேல உக்காறது) பால்சா ட்ரெய்னர் கிட் ஒண்ணு வாங்கி ராத்திரி ராத்திரியா உக்காந்து கட்டி, இப்ப கவரிங் ஃபிலிமும் போட்டு முடிச்சாச்சு. பிளான் (வரைபடம்) மேல பாலித்தீன் ஷீட் விரிச்சு பின் குத்தி ஒட்டுனதுங்க, ரிப்புக்கெல்லாம் (ரெக்கைக்குள்ள வர்ற குறுக்குப் பட்டை) ஃபெவிகால், ஃபயர்வாலுக்கும் (மோட்டார் மாட்டற முன் பலகை) விங் நடுவுல வர்ற பிளைவுட் பிரேஸுக்கும் 30 நிமிஷ எபாக்ஸி. கிட் 40 சைஸ் க்ளோ எஞ்சினுக்கு (எரிபொருள்ல ஓடற சின்ன எஞ்சின்) டிசைன் பண்ணது, நான் எலக்ட்ரிக்குக்கு மாத்திருக்கேன். 3542 மோட்டார் 1000 கேவி, 50 ஆம்ப் ஈஎஸ்சி (மோட்டார் வேகத்த கட்டுப்படுத்தறது), 3எஸ் 3300 லிப்போ பேட்டரி, 11க்கு 5.5 ப்ராப் (முன் விசிறி), ரேடியோ ஃப்ளைஸ்கை ஐ6. பேட்டரியோட சேத்து 1.7 கிலோ வருது.

இப்ப சந்தேகம் என்னன்னா, விங் அகலம் 10 இன்ச், பிளான்ல சிஜி முன் விளிம்புலேர்ந்து 2¾ இன்ச்சுல குறிச்சிருக்கு, எனக்கு விரல்ல தூக்கிப் பாத்தா 3½ இன்ச்சுல தான் நிக்குது. முக்கால் இன்ச் தானே, அப்படியே விடலாமா இல்ல மூக்குல ஈயம் வைக்கணுமா? அப்புறம் விங்க டேபிள்ல வச்சுப் பாத்தா இடது பக்க நுனில பின் விளிம்பு வலது பக்கத்த விட 3 மில்லி கீழ இறங்கி இருக்கு. இதெல்லாம் பெருசா பாக்கணுமா? சிமுலேட்டர்ல நல்லா ஓட்டிருக்கேன், நிஜ பிளேன் இதான் முதல் தடவை. ஊருக்கு வெளிய காஞ்ச குளம் ஒண்ணு நல்லா பரந்து கெடக்கு, அங்க தான் பிளான்.

பால்சா_தூசி:

தம்பி, முதல்ல வாழ்த்துகள். இப்பல்லாம் பெட்டிய பிரிச்சு ரெக்கைய மாட்டி பறக்க விடற காலம், பால்சாவ பொறுமையா ஒட்டி கட்டறவங்க கொறஞ்சு போயிட்டாங்க, அதனால உங்க போஸ்ட் பாத்ததுமே மனசுக்கு சந்தோஷமா இருந்துச்சு.

ஆனா 3½ல தயவு செஞ்சு விடாதீங்க. 10 இன்ச் விங்குக்கு அது 35 சதவீதம். இந்த மாதிரி ட்ரெய்னருக்கு 25லேர்ந்து 30 சதவீதத்துக்குள்ள தான் இருக்கணும், பிளான்ல போட்டது 27.5, அது சரியான இடம். மூக்கு கனமா இருந்தா பிளேன் மோசமா பறக்கும், வால் கனமா இருந்தா ஒரே ஒரு தடவை தான் பறக்கும்னு பழைய ஆளுங்க சொல்வாங்க, அது சும்மா சொன்னதில்ல. சிஜி பின்னாடி போச்சுன்னா எலிவேட்டர (வால்ல இருக்கற, மூக்க ஏத்தி இறக்கற பலகை) லேசா தொட்டாலே மூக்கு தூக்கும், நீங்க கீழ அழுத்துவீங்க, அது ஓவரா குத்தும், புதுசா ஓட்டறவங்களால அத துரத்திப் பிடிக்க முடியாது.

ஏன் பின்னாடி வருதுன்னா 40 சைஸ் க்ளோ எஞ்சின் மஃப்ளரோட சேத்தா 350 கிராமுக்கு மேல இருக்கும், உங்க மோட்டார் கிட்டத்தட்ட 150 கிராம். அந்த கனம் மூக்குல இல்ல, அவ்ளோ தான். ஈயம் வைக்கறது கடைசி வழி. கணக்கு பாருங்க, 1700 கிராம் பிளேன 19 மில்லி முன்னாடி நகத்தணும், பெருக்குனா 32,300. மூக்கு சிஜிலேர்ந்து 25 சென்டிமீட்டர்னு வச்சா ஈயம் 130 கிராம் வேணும், சும்மா சுமக்கற கனம். அதுக்கு பதிலா உங்க பேட்டரி 270 கிராம் இருக்கும், அதையே 12 சென்டிமீட்டர் முன்னாடி தள்ளுனா அதே வேலை ஆயிடும். க்ளோ கிட்ல எரிபொருள் டேங்க் உக்காற எடம் ஃபயர்வாலுக்கு ஒட்டி காலியா இருக்குமே, அங்க ஃபார்மர்ல (உடம்புக்குள்ள வர்ற குறுக்குப் பலகை) ஓட்டைய கொஞ்சம் பெருசாக்கி பேட்டரிய உள்ள விடுங்க, வெல்க்ரோ ஸ்ட்ராப் போட்டு இறுக்குங்க. ஃபார்மர வெட்டற எடத்துல மட்டும் மெலிசா பிளைவுட் பட்டை ஒட்டிடுங்க, கிராஷ்ல அந்த எடம் தான் முதல்ல பொளக்கும்.

அதே மாதிரி வால் பக்கம் எதாச்சும் குறைக்க முடியுமான்னு பாருங்க. வால் சிஜிலேர்ந்து 70 சென்டிமீட்டர்னா அங்க குறையற 10 கிராம் மூக்குல 28 கிராம் வச்சதுக்கு சமம். கனமான புஷ்ராடு (வால் பலகைய அசைக்கற கம்பி), தடிமனான டெயில் வீல் கம்பி, இதெல்லாம் மாத்தலாம்.

திருச்சி_கிளைடர்:

அண்ணன் சிஜிய சொல்லிட்டார், நான் அந்த 3 மில்லிய சொல்றேன். ப்ரோ இது தான் எனக்கு சிஜிய விட பயமா இருக்கு, ஏன்னா இத யாரும் பாக்கறதில்ல. இடது நுனில பின் விளிம்பு கீழ இருக்குன்னா அந்த ரெக்கை காத்த அதிக கோணத்துல சந்திக்குது, ஸ்பீடுல போறப்ப இடது பக்கம் அதிகமா தூக்கி பிளேன் வலது பக்கம் சாயும், சரின்னு நீங்க ட்ரிம் (ரேடியோல குடுக்கற சின்ன திருத்தம்) போட்டு சரி பண்ணிடுவீங்க, எல்லாம் நல்லா இருக்கற மாதிரி தெரியும். ஆனா லேண்டிங்க்கு ஸ்பீடு குறையறப்ப அதே இடது நுனி தான் முதல்ல ஸ்டால் ஆகும் (தூக்கற சக்திய இழக்கும்), தரையிலேர்ந்து பத்து அடில திடீர்னு இடது பக்கம் மடங்கி விழும். ட்ரிம்மால இத தீக்க முடியாது, விங்க தான் நேராக்கணும்.

சரி பண்றது சுலபம். ரெண்டு பேரு வேணும், ஒருத்தர் இடது நுனிய எதிர்ப்பக்கமா, தேவைக்கு கொஞ்சம் கூடவே முறுக்கி பிடிக்கணும், இன்னொருத்தர் ஹீட் கன்ன மேல் கவரிங் மேலயும் கீழ் கவரிங் மேலயும் ஓட்டணும். சுருக்கம் போயி ஃபிலிம் இறுகுனதும் முறுக்க விடாம ஆற விடுங்க. டேபிள்ல வச்சு அளந்து பாத்து திரும்ப பண்ணுங்க. ரெண்டு நுனிலயும் பின் விளிம்பு 2 மில்லி மேல தூக்கி சமமா இருந்தா இன்னும் நல்லது, லேண்டிங்ல நடு விங் முதல்ல ஸ்டால் ஆகும், நுனி கன்ட்ரோல்ல இருக்கும். மறுநாள் வெயில்ல கொஞ்ச நேரம் வச்சுட்டு மறுபடியும் செக் பண்ணுங்க, நம்ம ஊரு வெயில்ல ஃபிலிம் தளர்ந்து பழைய நிலைக்கே போனாலும் போகும்.

கையில எறிஞ்சு கிளைட் டெஸ்ட் பண்ணுன்னு யாராச்சும் சொல்லுவாங்க, 1.7 கிலோ பிளேனுக்கு அது வேண்டாம். நம்ம எறியற வேகம் அது பறக்கற வேகத்துக்கே வராது, விழுந்து லேண்டிங் கியர் பிடுங்கிக்கும். சக்கரத்துல ஓட்டிப் பாருங்க, நேரா ஓடுதான்னு பாத்து டயர் கோணத்த சரி பண்ணுங்க.

கோவை_ஹேங்கர்:

காத்து பத்தி யாரும் பேசலையே. உடுமலைக்காரருக்கு நான் சொல்லணுமா, பாலக்காட்டு கணவாய் வழியா வர்ற காத்த நம்பித்தானே அந்தப் பக்கம் பூரா காத்தாலை நட்டு வச்சிருக்காங்க. ஆடிக்காத்துல அம்மியே பறக்கும்னா 1.7 கிலோ பால்சா எம்மாத்திரம். ஆனி ஆடி ஆவணில முதல் ஃப்ளைட் வச்சுக்காதீங்க, மத்த மாசத்துலயும் விடியக்காலைல வெயில் ஏறதுக்குள்ள முடிச்சிடுங்க. குளத்துல கால்நடை மேய்க்கறவங்க, நடக்கறவங்க யாரும் இல்லாத பக்கமா பாருங்க. அரசாங்கத்தோட டிஜிட்டல் ஸ்கை ட்ரோன் மேப்ல அந்த எடம் கிரீன் ஜோனான்னு பாத்துக்கோங்க, கிரீன்னா 400 அடி வரைக்கும் பெர்மிஷன் வாங்க வேண்டியதில்ல. 2021 ட்ரோன் ரூல்ஸ்ல நம்ம ஆர்சி பிளேனும் அடக்கம், அது நெறைய பேருக்கு தெரியறதில்ல.

ப்ராப்ப கழட்டி வச்சுட்டு ஃபெயில்சேஃப் செக் பண்ணுங்க, ட்ரான்ஸ்மிட்டர ஆஃப் பண்ணா த்ராட்டில் ஸீரோவுக்கு போயே ஆகணும். ஹிஞ்ச் (கீல்) ஒவ்வொண்ணையும் பிடிச்சு நல்லா இழுத்துப் பாருங்க. ஏலரான் (ரெக்கை பின் விளிம்புல ஆடற பலகை) எந்தப் பக்கம் போகுதுன்னு பிளேனுக்கு பின்னாடி நின்னு பாருங்க, ஸ்டிக்க வலது தள்ளுனா வலது ஏலரான் மேல வரணும். முதல் ஃப்ளைட் கிராஷ்ல பாதி இந்த ஒண்ணு தலைகீழா இருக்கறதால தான் நடக்குதுங்கறது என் அபிப்பிராயம்.

முக்கியமா, முதல் டேக் ஆஃப நீங்க பண்ணாதீங்க. பழக்கமான ஆள் ஒருத்தர் மேல கொண்டு போயி ட்ரிம் பண்ணி குடுக்கட்டும், அப்புறம் நீங்க வாங்கி ஓட்டுங்க. தெரிஞ்சவங்க யாரும் இல்லன்னா என்சிசி ஏர் ஸ்குவாட்ரன்ல விசாரிங்க, அங்க ஏரோமாடலிங் இன்ஸ்ட்ரக்டர்னு தனியா ஆளே இருப்பாங்க.

பிளேன் உங்கள நோக்கி வர்றப்ப இடது வலது மாறி குழப்பும். எந்த ரெக்கை தாழ்ந்திருக்கோ அந்தப் பக்கமே ஸ்டிக்க தள்ளுங்க, நிமிந்துடும். இத மட்டும் தூக்கத்துல கேட்டாலும் சொல்ற அளவுக்கு சிமுலேட்டர்ல பழகிடுங்க.

உடுமலை_ஆர்சி:

அண்ணன்மாரே பறந்துடுச்சுங்க!! பேட்டரிய டேங்க் எடத்துக்குள்ள தள்ளுனதுல சிஜி சரியா 2¾ல வந்து நின்னுடுச்சு, ஈயம் ஒரு கிராம் கூட வைக்கல. விங் முறுக்கையும் ஹீட் கன்ல எடுத்துட்டோம், என் தங்கச்சி தான் பிடிச்சுக்கிட்டா. பொள்ளாச்சிலேர்ந்து ஒரு அண்ணன் வந்து டேக் ஆஃப் பண்ணி, நல்ல உயரத்துல த்ராட்டில குறைச்சு ஸ்டால் பண்ணிப் பாத்தார், ரெக்கை எந்தப் பக்கமும் மடங்காம மூக்கு மட்டும் மெதுவா தாழ்ந்து தானா எடுத்துக்குச்சு. அப்புறம் ரேடியோவ என் கைல குடுத்துட்டார். கவரிங் வழியா வெயில் பட்டு உள்ள இருக்கற ரிப்பெல்லாம் வரி வரியா தெரியுது, நம்ம ஒட்டுன ரிப்பு மேல போகுதுன்னு நெனச்சப்ப கை நடுங்கிடுச்சுங்க.

ஒண்ணே ஒண்ணு. பாதி த்ராட்டில்ல மட்டமா போகுது, ஃபுல் குடுத்தா மூக்கு விர்ருனு மேல ஏறுது. எலிவேட்டர் ட்ரிம்ம கீழ இறக்கலாமா?

பால்சா_தூசி:

ரொம்ப சந்தோஷம் தம்பி. ட்ரிம்ம தொடாதீங்க, ஃபுல் த்ராட்டிலுக்கு சரி பண்ணா லேண்டிங்ல மூக்கு குத்தும். பவர கட் பண்ணி கிளைட் பண்றப்ப ஒழுங்கா வருதுன்னா சிஜியும் ட்ரிம்மும் சரி, மோட்டார் கோணம் தான் பத்தல. மோட்டார் மவுண்ட்டோட மேல் ரெண்டு போல்ட்டுக்கு பின்னாடி ஃபயர்வாலுக்கும் மவுண்ட்டுக்கும் நடுவுல ஒவ்வொரு வாஷர் குடுங்க, ப்ராப் லேசா கீழ பாக்கும். ஒரு வாஷர்ல பத்தலன்னா ரெண்டு. அத மாத்திட்டு அடுத்த ஃப்ளைட்ல என்ன ஆச்சுன்னு இதே எடத்துல எழுதுங்க. லிப்போவ ஃபுல் சார்ஜோட வச்சிருக்காதீங்க, பறக்காத நாள்ல செல்லுக்கு 3.8 வோல்ட்ல வைங்க.